அறளையும் உறுதியும்: யாழ்ப்பாணச் சமூகத்தில் முதுமையும் புத்தித் தெளிவும் பற்றிய வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலே ‘அறளை பெயர்தல்’ என்றொரு தொடர் உண்டு. முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போதும், உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்கும்போதும், என்றோ இறந்துபோன தமையனைத் தேடிப் படலைவரை நடக்கும்போதும் இத்தொடர் தானாகவே வந்து பொருந்திவிடுகின்றது. இதைச் சொல்வதற்கு மருத்துவர் எவரும் வேண்டியதில்லை. வீட்டார் சொல்வர், அயலார் ஏற்றுக்கொள்வர், அதன்பின் அம்முதியவர் கூறும் எக்கூற்றும் கூற்றாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே இது ஒரு நோயின் பெயராக வழங்குவதிலும் பார்க்க ஒரு தீர்ப்பாகவே வழங்கி வருகின்றது எனலாம். தீர்ப்பெனின், அதனை வழங்குவோர் யாவர், எச்சந்தர்ப்பத்தில், எந்நலன் குறித்து வழங்குகின்றனர் என்னும் வினாக்கள் தவிர்க்க முடியாதவை. அவ்வினாக்களை யாழ்ப்பாணச் சமூக வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உடலியல் உண்மைகளைச் சுருக்கமாகவேனும் மனங்கொள்ளுதல் வேண்டும். பொருள்முதல்வாத நோக்கினை ஏற்பவர்கள் மூளையை மறந்துவிட்டுச் சமூகத்தை மட்டும் பேசுவது பொருத்தமாகாது. முதுமையில் மனித சிந்தனை ஒரே சீராகத் தேய்வதில்லை என்பது இன்று நன்கு நிறுவப்பட்டுள்ளது. புதிய செய்தியை விரைந்து கிரகிக்கும் வேகம் குறைகின்றது. ஒரே வேளையில் இரு காரியங்களைக் கவனிப்பது கடினமாகின்றது. பெயர்கள் நாவின் நுனியில் நின்று வெளிவர மறுக்கின்றன. ஆயின் சொல்வளமும், உலகியலறிவும், பல்லாண்டு பயின்ற தொழிலின் நுட்பமும் நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றன. திட்டமிடுதல், எழும் உந்தலை அடக்குதல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புதல் ஆகிய ஆளுகைத் தொழில்கள் மூளையின் முன்மடலோடு தொடர்புடையவை. வயதால் முதலில் தளர்வனவற்றுள் இவை அடங்கும். மறுபுறம், உடல்நலமுள்ள முதியோர் பலர் தம் உணர்ச்சிகளை இளையோரினும் செம்மையாக ஆளுகின்றனர் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பொறுமை முதுமைக்கு உரியது என்னும் வழக்கு வெறும் உபசார வார்த்தையன்று.

இவையெல்லாம் இயல்பான மூப்பின் கூறுகள். நோய் வேறு. அலோய்ஸ் அல்சைமர் 1906 ஆம் ஆண்டில் தாம் விவரித்த மறதிநோயை முதன்முதலிற் கண்டது ஐம்பத்தொரு வயதில் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட பெண்ணொருத்தியிடத்தேயாம், கிழப்பருவத்தவரிடத்தே அன்று. அதனாலேயே அது நடுவயதினரைப் பற்றும் அருநோயாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. முதியோரின் புத்தி மாறாட்டமோ மூப்பின் இயல்பான விளைவென்று ஒதுக்கப்பட்டது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே நோயே என்று அமெரிக்க நரம்பியலாளர் றொபேட் கட்ஸ்மன் 1976 இல் வலியுறுத்திய பின்னரே ‘வயது போனால் இப்படித்தான்’ என்னும் கொள்கை மருத்துவ உலகில் ஆட்டங்கண்டது. எனவே, நம் கிராமத்தவர் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினர் என்று நகைப்பதற்கு மேனாட்டு மருத்துவத்துக்கு அதிக உரிமை இல்லை.

சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியாவின் பணி இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் துணையாகும். முன்மடலின் தொழில்களை ஆழமாக ஆராய்ந்த இவரே 1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்று, எழுத்தறிவும் கூட்டு உற்பத்தியும் மக்களின் சிந்தனை முறையை எவ்வாறு மாற்றுகின்றன என ஆராய்ந்தார். மூளை இயற்கையின் விளைபொருள். அது தொழிற்படும் முறையோ வரலாற்றின் விளைபொருள். லூரியாவும் அவர்தம் ஆசான் விகோற்ஸ்கியும் வற்புறுத்திய இவ்வுண்மையை வளர்ச்சிப் பருவத்தோடு நிறுத்திவிடாது தளர்ச்சிப் பருவத்துக்கும் விரித்துப் பார்க்க வேண்டும். குழந்தை சமூகத்திடமிருந்து மனத்தைப் பெறுகின்றதெனின், முதியவர் இழப்பதும் சமூகத்தின் மத்தியிலேயே நிகழ்கின்றது.

வாய்மொழிச் சமூகத்தில் முதியவரின் ஞாபகமே ஆவணக்களரி. பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் சங்கப் பாடல்களின் வாய்மொழித் தன்மையை எடுத்துக்காட்டியது. அத்தகைய மரபில் மூத்த பாணனின் நினைவாற்றல் ஓர் உற்பத்திச் சாதனம். தன் இளமையை எண்ணி இரங்கும் தொடித்தலை விழுத்தண்டினாரின் புறப்பாட்டில், தடியூன்றி இருமலிடையே பேசும் முதியவரது உடல்தான் தளர்ந்திருக்கின்றது. நினைவோ பழுதின்றி, இளமைக்காலத்துக் குளத்தின் ஆழத்தையும் அறிந்திருக்கின்றது. இன்றைய ஞாபக ஆய்வாளர் கூறும் ஓருண்மை இங்கு எண்ணத்தக்கது: பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே முதுமையில் செறிவாக மேலெழுகின்றன. உ. வே. சாமிநாதையர் தம் எண்பத்தைந்தாம் அகவையளவில், 1940 இல், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கி 1942 இல் இறக்கும்வரை எழுதினார். அந்நூல் முற்றுப்பெறவில்லை. ஆயின் எழுபதாண்டுகளுக்கு முற்பட்ட தம் குருகுல வாழ்வை அவர் விவரிக்கும் நுணுக்கம், முதுமையின் மனம் பற்றி ஆராய்வார்க்கு ஒரு சான்றாவணமாகும்.

அச்சு வந்தது இந்நிலையை மாற்றிற்று. 1841 இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது; 1849 இல் நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அதன்பின் புராணத்துக்கும் இலக்கணத்துக்கும் பாட்டனாரின் நாவை நம்பியிருக்க வேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஊர்தோறும் தோன்றிய வாசிகசாலைகளில் இளைஞன் பத்திரிகையை உரத்து வாசிக்க முதியவர்கள் சுற்றியிருந்து கேட்டனர். அறிவு செல்லும் திசை தலைகீழானது. இதனை இழப்பென்று மட்டும் கூறிவிட முடியாது. முதியோரின் நாவிலிருந்து சாதியாசாரமும் இறங்கி வந்தது என்பதை மறத்தலாகாது.

யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் வளி, பித்தம், ஐயம் என்னும் மூன்றின் நிலைபேற்றை அடிப்படையாகக் கொண்டவை. சித்த மருத்துவ மரபில் வாழ்நாளின் இறுதிப்பகுதி ஐயத்துக்குரியது. ஆயுர்வேதமோ அதனை வாதத்துக்குரியதாக்கும். ஒரே மூப்பினை இருவகையாக வகுத்த இம்மாறுபாடு தனியாக ஆராயத்தக்கது. சிந்தனைக்குரிய உறுப்பாக மூளையை யாழ்ப்பாணத் தமிழில் அறிமுகஞ் செய்த பெருமையிற் பெரும்பங்கு மானிப்பாயில் பணியாற்றிய டொக்டர் சாமுவேல் கிறீனுக்கு உரியது. 1864 முதல் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த அவர் 1872 இல் வெளியிட்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ உடற்கூற்றைத் தமிழில் விரித்துரைத்தது. எனினும் அறளை என்னும் தீர்ப்பு வைத்தியர் கைக்குச் செல்லவில்லை. அது வீட்டிலேயே நின்றது. அதற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. அக்காரணம் காணி.

1707 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஒல்லாந்த ஆள்பதியின் ஆணைப்படி தொகுத்து, பன்னிரு தமிழ் முதலிமாரின் ஒப்புதலைப் பெற்ற தேசவழமை, முதுமை பற்றிய ஆவணமாக இதுவரை போதியளவு வாசிக்கப்படவில்லை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பாகுபாட்டையே சட்டவறிஞர் பெரிதும் பேசுவர். ஆனால் அச்சட்டத்தொகுப்பின் உள்ளீடாக அமைந்திருப்பது தலைமுறைகளுக்கிடையிலான அதிகார உறவு. பெண்மக்கள் மணம்புரியும்போதே சீதனம் பெற்று விலகுவர். ஆண்மக்களோ பெற்றோர் உயிருடன் உள்ளவரை எதனையும் உரிமையாகக் கேட்க முடியாது. அதுமட்டுமன்றி மணமாகுமுன் தாம் தேடியதையும், அணிந்த நகைகள் போன்ற சில நீங்கலாக, குடும்பப் பொதுச்சொத்தில் சேர்த்தல் வேண்டும். முதியவர் வாழும்வரை சொத்தின் திறவுகோல் அவர் இடுப்பில்.

இவ்வொழுங்கில் முதியவரின் புத்தித் தெளிவு அவரது தனிப்பட்ட நலமாக மட்டும் இருக்க முடியாது என்பது வெளிப்படை. பெற்றோர் தளர்ந்து சொத்தைப் பராமரிக்க முடியாத நிலையெய்தும்போது, இறுதிவரை பார்த்துக்கொள்வோம் என்னும் உறுதிமொழியின்பேரில் பிள்ளைகள் அவர்களை இணங்கச்செய்து சொத்தைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றியும், அதன்பின் அப்பெற்றோர் கவனிப்பாரற்று இன்னலுற்ற அநுபவம் பற்றியும் தேசவழமையே குறிப்பிடுகின்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் ஒல்லாந்த அதிகாரி வழமையைப் பதிவுசெய்ய அமர்ந்த இடத்தில், வழமையின் மீறலையும் பதிவுசெய்ய நேர்ந்தது. பழைய கூட்டுக்குடும்பத்தில் முதியோர் தெய்வமாகப் போற்றப்பட்டனர், மேனாட்டு நாகரிகம் வந்து யாவற்றையும் கெடுத்தது என்று மேடைதோறும் முழங்குவோர் இப்பகுதியை ஒருமுறை வாசித்தல் நன்று. போற்றப்பட்டது முதுமையா, முதியவர் கையிலிருந்த காணியா என்பதே வினா.

ஆங்கிலேயர் 1806 இல் தேசவழமையை ஏற்றுச் சட்டவலுவளித்தனர். அதனினும் நமது பொருளுக்கு நெருக்கமானது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டம். காணிக் கைமாற்றம் எதுவும் நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் முன்னிலையாகக் கையொப்பமிடப்பட வேண்டும் என்று அது விதித்தது. இதன் விளைவு ஆழமானது. அதற்கு முன் முதியவரின் புத்தி படிப்படியாக, பருவத்துக்குப் பருவம், வீட்டாரின் கண்முன் தேய்ந்தது. எப்போது தெளிவு நீங்கிற்று என்று எவரும் திட்டமாகக் கேட்கவில்லை. உறுதி எழுதும் வழக்கம் நிலைபெற்றதும் அக்கேள்விக்கு ஒரு தேதியும் மணியும் வேண்டியிருந்தன. வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, விளங்கிக்கொண்டார், பெருவிரலடையாளம் இட்டார். தேய்ந்து செல்லும் ஒரு மனத்தை ஒரு நாளில் நிறுத்திவைத்து ஆம் அல்லது இல்லை என்று விடை கூறும்படி சட்டம் கேட்டது. இயற்கை அவ்வாறு விடை கூறுவதில்லை. காலையில் தெளிவாகப் பேசும் நோயாளி மாலை மங்கும்போது கலங்குகின்றார். தேதியை அறியாதவர் தம் மூன்று பிள்ளைகளுள் எவர் தம்மைப் பார்த்தவர் என்பதை ஐயமின்றி அறிகின்றார்.

எனவேதான் அறளை என்ற சொல் இருமுனையும் கூரான கத்தியாயிற்று. உறுதி எழுதுமுன் அதைச் சொல்பவர் சொத்து மற்றவருக்குப் போவதைத் தடுக்க விழைபவர். எழுதியபின் சொல்பவர் அதனை வெறிதாக்க விழைபவர். உறுதியைப் பெற்றவரோ, எழுதும் நாள்வரை ‘அப்புவுக்கு நல்ல நினைவு’ என்பார். அப்பு மனம் மாறி வேறெழுத முனையும்போது அறளை என்பார். இது தனிமனிதரின் வஞ்சகம் பற்றிய பேச்சன்று. காணி அரிதாகவும் தோட்டச் செய்கை அதனையே நம்பியும் இருந்த ஒரு குடாநாட்டில் சொத்துறவு மனித உறவின் மொழியைத் தன் தேவைக்கேற்ப வளைத்த வகை இது.

பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாவதால், பல தாய்மார் தம் இறுதிக் காலத்தை இளைய மகளின் வீடாகிவிட்ட தம் பழைய வீட்டிலேயே கழித்தனர். ஐம்பதாண்டு ஆண்ட அடுக்களையில் ஆச்சி விருந்தாளியானார். அடுக்களையை இங்கு வேண்டுமென்றே குறிப்பிடுகின்றோம். உளவியலார் கூறும் ஆளுகைத் தொழிலுக்கு இதனினும் சிறந்த களம் அரிது: ஓரடுப்பில் சோறு, மற்றோரடுப்பில் குழம்பு, இடையில் தேங்காய் துருவல், படலையில் மீன்காரரின் குரல், எவருக்கு எது ஆகாதென்ற நினைவு. ஒரே நேரத்தில் பலவற்றைத் திட்டமிட்டு, ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும் இவ்வுழைப்பு ஊதியமற்றது. ஆகையால் அது சிந்தனையாகவே கணிக்கப்படவில்லை. அதன் தளர்ச்சியும் அவ்வாறே. ஆண் கணக்கைத் தவறவிட்டால் அது செய்தி. பெண் இருமுறை உப்பிட்டால் சினம். நோயின் முதற்குறி பல பெண்களில் ஏச்சாகவே எதிர்கொள்ளப்பட்டது.

உடைமை இல்லாதோரின் முதுமை பற்றி ஆவணங்கள் பேசா. தேசவழமை கோவியர், பள்ளர், நளவர் முதலியோரை அடிமை குடிமை பற்றிய பகுதியிலேயே வைத்துப் பேசியது. அடிமை முறை 1844 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எழுதிக்கொடுப்பதற்கு உறுதி இல்லாதவரின் புத்தி தெளிந்ததா கலங்கியதா என்று நொத்தாரிசும் கேட்கவில்லை, நீதிமன்றும் கேட்கவில்லை. மரமேறும் தொழிலாளிக்கு முதுமையின் எல்லையை ஆண்டுக் கணக்கு வகுக்கவில்லை, பனை வகுத்தது. தளநாரில் கால்பொருத்தி உச்சியில் நின்று பாளை சீவுபவருக்குக் கவனம் ஒரு கணம் பிசகினால் அதுவே முடிவு. இத்தகைய தொழிலில் சிந்தனையின் வேகக்குறைவை முதலில் அறிபவர் அத்தொழிலாளியே. அதை வெளியிற் சொன்னால் அன்றே வருவாய் நின்றுவிடும் என்பதையும் அவரே அறிவார்.

கல்வி பற்றிய இன்றைய அறிவு இங்கு ஒரு கசப்பான உண்மையைச் சுட்டுகின்றது. மறதிநோயின் மாற்றத்தக்க ஏதுக்களாக 2024 இல் லான்செற் ஆணைக்குழு எண்ணிய பதினான்கினுள் இளமையிற் கல்விக் குறைவு முதன்மையான ஒன்று. செவிப்புலன் குறைவு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, மனச்சோர்வு, சமூகத் தனிமை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். யாழ்ப்பாணத்தில் 1930 ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் கோரப்பட்டபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருத்தச் சம்மதியாதார் பாடசாலைகளையே கொளுத்தினர். இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆயின் பள்ளியின் கதவு எல்லார்க்கும் ஒரே நாளில் திறக்கவில்லை. பத்து வயதில் ஒருவருக்கு மறுக்கப்பட்ட எழுத்து எழுபது வயதில் அவரது மூளையின் காப்பு வலுவைக் குறைக்கின்றது என்றால், சாதிக்கொடுமையின் கணக்கை இளமையோடு மூடிவிட முடியாது. மாக்சிய ஆய்வாளர் உழைப்பைப் பற்றி நிறைய எழுதினர். உழைப்பிலிருந்து உதிர்ந்தோரைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. இவ்வினாவும் எவராலும் விரித்து ஆராயப்படாதிருப்பது வியப்பன்று.

காணியின் பிடி தளர்ந்ததும் முதியவரின் அதிகாரம் வேறொரு வடிவம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் சென்றனர். குடாநாட்டின் வாழ்வு ‘மணியோடர் பொருளாதாரம்’ எனப்பட்ட நிலைக்கு வந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ‘பென்சனியர்’ யாழ்ப்பாணச் சமூக நாடகத்தின் தனித்த பாத்திரம். மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அவருக்கு மதிப்பளித்தது. கோயில் நிருவாகமும் பாடசாலை முகாமைக் குழுவும் அவர் சிந்தனைக்கு வேலை கொடுத்தன. கோயில் வழக்குகள் யாழ்ப்பாணத்தில் மலிந்தமைக்கு ஓய்வுபெற்ற எழுதுவினைஞரின் கோப்பறிவும் ஒரு காரணம் என்று சிலர் கேலியாகக் கூறுவதுண்டு. முற்றும் கேலியென்று தள்ளிவிட முடியாது. பொறுப்பும் சர்ச்சையும் மனத்தைக் கூர்மையாக வைத்திருக்கும். அதே சமயம், கணவரின் ஓய்வூதியத்தில் வாழ்ந்த மனைவிக்கோ பென்சன் அற்ற கமக்காரருக்கோ அத்தகைய இரண்டாம் வாழ்வு வாய்க்கவில்லை.

தன்னடக்கம் என்னும் பண்பையும் இவ்வரலாற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து மேல்மட்டப் பண்பாடு அடக்கத்தைத் தலையாய ஒழுக்கமாகப் போற்றியது. எதைச் சொல்லக்கூடாது, எவர் முன் அமரக்கூடாது, எவர் கையால் நீர் வாங்கக்கூடாது என்னும் தடைகளால் நெய்யப்பட்டது அது. முன்மடல் தளரும்போது அவிழ்வது இந்நெசவே. சாதியாசாரம் தவறாத ஒருவர் எவர் தந்த தேநீரையும் குடிக்கலாம். சமத்துவம் பேசிப் பழகிய ஒருவர் நாவில் இளமையிற் கேட்ட சாதிவசை ஏறலாம். இரண்டையும் ‘உண்மையான மனம் வெளிப்பட்டது’ என்று கொள்வது பிழை. வெளிப்படுவது தனிமனிதரின் உள்ளம் என்பதிலும், அவருள் வெவ்வேறு காலங்களில் சமூகம் இட்ட படைகள் என்பதே பொருந்தும்.

1983 க்குப் பின் நிகழ்ந்தவை வேறோர் அளவின. பிள்ளைகள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயினர். வீடுகள் பெரிதாயின, வீட்டில் ஆள் குறைந்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ என்னும் நாடகம், புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் தனித்துவிடப்பட்டமையையே பொருளாகக் கொண்டது. மரபு முதியோர் பற்றிக் கூறிவந்த அறவுரைகளை ஒதுக்கிவிட்டு, அவர்தம் வெறுமையான நாட்களையே மேடையேற்றியமை அந்நாடகத்தின் வலிமை. ‘மண் சுமந்த மேனியர்’ பெற்ற பேச்சை இது பெறவில்லை. அஃது இளையோர் பற்றிய நாடகம், இஃது எஞ்சியோர் பற்றியது என்பதே அதற்குக் காரணமோ என எண்ணத் தோன்றுகின்றது.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த இரவில், எழுபது வயதைக் கடந்த பன்மொழியறிஞர் தாவீது அடிகள் அத்தீயைக் கண்டு வீழ்ந்து மரணித்தமை யாவரும் அறிந்தது. அந்நிகழ்ச்சியை உணர்ச்சிப் பெருக்காக மட்டும் கூறிவருகிறோம். முதிய அறிஞர் ஒருவரின் சிந்தனையின் பெரும்பகுதி அவரது தலைக்கு வெளியே, அலுமாரிகளில் இருந்தது என்பதும் உண்மையே.

சாதாரண மக்களிடத்தில் அந்த அலுமாரியாக இருந்தது வீடும் ஒழுங்கையும். நினைவு மங்கும் ஒருவர் தம் கிணற்றடியை, வேலிப்பொட்டை, பூசையறையைக் கையளவில் அறிவார், எண்ணாமலே நடப்பார். பழகிய சூழல் மூளையின் குறையை ஈடுசெய்கின்றது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பல இலட்சமாக ஓரிரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது இந்த ஈடு ஒரே நாளில் இல்லாமற்போயிற்று. நடக்க முடியாத முதியோர் சிலர் வீடுகளிலேயே விடப்பட்டனர். சென்றவர்களுள் முதல்நாள்வரை தம் காரியத்தைத் தாமே பார்த்தவர்கள் பாடசாலைக் கட்டடங்களில் திசையறியாது கலங்கினர். அறளை திடீரென வந்ததென்றே வீட்டார் கருதியிருப்பர். உண்மையில் உள்ளே மெல்ல வளர்ந்த நோயை இதுவரை வீடு மறைத்து வைத்திருந்தது. 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயமாக மூடப்பட்ட வலிகாமம் வடக்கின் மக்களோ இருபதாண்டுகளுக்கு மேலாக அந்நிலையில் வாழ்ந்தனர். போரின் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது வேலியுமில்லை, பனையுமில்லை; கிணறு தூர்ந்திருந்தது. எல்லை காட்டுவதற்கு முதியோரின் ஞாபகமே மீண்டும் தேவைப்பட்டது. அச்சால் இழந்த மதிப்பை அழிவினால் அவர்கள் பெற்றனர்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் எழுதிய ‘மனவடு’ முதலான நூல்கள் போர் மக்களின் மனத்தில் இட்ட காயங்களைத் தமிழில் எழுத வழிகாட்டின. முதியோரிடத்தில் மனச்சோர்வு மறதியாகவே தோற்றமளிக்கும். சோர்வைத் தீர்த்தால் நினைவு மீள்வதும் உண்டு. அறளை என்று முத்திரையிட்டுத் திண்ணையில் விடப்பட்டவர்களுள் துயரத்தால் வாயடைத்தோர் எத்தனைபேர் என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை.

அளவிடும் கருவிகளும் வர்க்கச் சார்பற்றவையல்ல. 1975 இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டு உலகெங்கும் பரவிய குறுஞ்சோதனை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும், வசனம் ஒன்றை எழுதவும், வடிவமொன்றைப் பார்த்து வரையவும் சொல்கின்றது. பேனை பிடித்தறியாத கைக்கு அது நினைவுச் சோதனையன்று, பள்ளிச் சோதனை. புகையிலைக் கன்றுக்கு எத்தனை நாளைக்கொருமுறை நீர், பரப்புக்கு எத்தனை கன்று எனப் பிழையின்றிச் சொல்லும் கமக்காரர் அதில் தோற்பார். இளைப்பாறிய தலைமையாசிரியரோ நோய் முற்றும்வரை அதில் தேறிவிடுவார். 10/66 என்னும் ஆய்வுக்குழு, மறதிநோயாளரில் மூன்றில் இருபங்கினர் வறிய நாடுகளில் வாழ, ஆய்வில் பத்திலொரு பங்குகூட அந்நாடுகளில் நிகழவில்லை என்பதையே தன் பெயராக்கிக்கொண்டது. சென்னையிலும் வேலூரிலும் பணிசெய்த அக்குழு கல்விக் குறைவைத் தோல்வியாக எண்ணாத முறைகளை வகுத்தது. இலங்கையில் றாகமைப் பகுதியில் நடந்து 2003 இல் வெளியான ஆய்வு அறுபத்தைந்து வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. 2012 குடிசன மதிப்பின்படி நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்கு 12.4 ஆவர்; இளையோர் பெருந்தொகையாக வெளியேறிய வடக்கில் இச்சுமை எவர் தோளில் விழும் என்பது கணக்கறிந்தோர்க்கு மட்டும் விளங்கும் ஒன்றன்று. பெரும்பாலும் மணமாகாத மகளின் தோளில், அல்லது கூலிக்கு வரும் வறிய பெண்ணின் தோளில்.

மானிடவியலாளர் லோறன்ஸ் கோகன் காசி நகர முதியோர் பற்றி 1998 இல் வெளியிட்ட நூலில், கிழவரின் கலங்கிய பேச்சு அங்கு ‘கெட்ட குடும்பத்தின்’ அடையாளமாகக் கேட்கப்படுகின்றது என்று காட்டினார். மூளையின் குறையாக அது கொள்ளப்படவில்லை. யாழ்ப்பாணத்திலும் அயலார் அவ்வாறே பேசுவர்: ‘பிள்ளையள் பாக்கேல்லை, அதுதான்.’ ஆனால் இங்கு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையே அக்குற்றச்சாட்டின் முதல் இலக்கு. அவர் அனுப்பும் பணம் அக்குற்றத்துக்கான தண்டம்போல ஆகிவிட்டது.

சட்டம் பிற்காலத்தில் இதனுள் மீண்டும் நுழைந்துள்ளது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று விதித்து, பராமரிப்புக் கோரவும் வழி செய்தது. மீளப்பெற முடியாததென எழுதிய நன்கொடை உறுதியைப் பெருநன்றிக்கேடு காரணமாக நீக்கும் வழி றோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்வழி முன்பே இருந்தது. 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதனை நீதிமன்றத்தின் கட்டளைக்கு உட்படுத்தி வரையறுத்தது. ஐசாக்ஸ் 1707 இல் பதிந்த முறைப்பாட்டுக்கு முந்நூற்றுப் பத்தாண்டுகள் கழித்து நாடாளுமன்றம் விதி எழுதியது.

ஆயின் இவ்விதியின் வாயிலில் நிற்கும் முதியவரின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளை செய்த நன்றிக்கேட்டை அவர் நாள், நேரம் பிசகாமல் நீதிமன்றில் நிறுவ வேண்டும். குறுக்கு விசாரணையில் தடுமாறாது நிற்க வேண்டும். தடுமாறினால் எதிர்த்தரப்பிடம் ஆயத்தமாக இருப்பது பழைய சொல்லே. அச்சொல்லை ஏற்றுக்கொண்டால் வழக்குத் தோற்கும். ஆனால் அதையே ஏற்று, உறுதி எழுதிய நாளிலும் தமக்குத் தெளிவு இருக்கவில்லை என்று அவர் வாதிடலாம். அப்போது உறுதியே செல்லாதென்றாகும். தம் காணியை மீட்க ஒருவர் தம் புத்தியைக் கைவிட வேண்டும், அல்லது புத்தியை நிலைநாட்டிக் காணியைக் கைவிட வேண்டும். வீட்டை மகள் பெயருக்கு எழுதிய ஆச்சி ஒருவர் எந்த வாதத்தை எடுக்கலாம் என்று அவரிடமே கேட்கும் கடமை சட்டத்தரணிக்கு உண்டு. அவர் அதற்கு அன்று காலை ஒரு விடையும் மாலை மற்றொரு விடையும் கூறக்கூடும்.